கோணத்துக்குள்ள எக்ஸ் எப்படி புகுந்துச்சு?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மதியம், அக்கா வீட்ல மூக்குப் பிடிக்க சாப்பிட்டுட்டு ஊஞ்சல்ல சாய்ஞ்சிருந்தேன். ஏழாவது படிக்கிற அக்கா பொண்ணு கணக்கு நோட்டைத் தூக்கிட்டு வந்து நின்னா. முகம் உர்ருன்னு இருந்துச்சு.

"மாமா, இதுல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க."

கணக்கு இதுதான். ஒரு நேர்கோடு. அதுல ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு கோடு சாய்வா கிளம்பிப் போகுது. இந்தப் பக்கம் இருக்கற கோணம் எக்ஸ். அந்தப் பக்கம் இருக்கற கோணம் 3எக்ஸ் − 20. எக்ஸோட மதிப்பு என்ன? அவ 60ன்னு எழுதியிருந்தா. அதுமேல சிவப்பு மையில பெருசா ஒரு பெருக்கல் குறி.

"கோணமானி வச்சு அளந்து பாத்தேன் மாமா. இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் 120. கூட்டினா 180 கரெக்டா வருது. அப்புறம் எப்படித் தப்பாகும்? கோணம் படத்துலயே இருக்கும்போது எதுக்கு இந்த எக்ஸ் எல்லாம்?"

நான் பந்தாவா பேனாவை வாங்கினேன். ரெண்டும் மிகை நிரப்புக் கோணங்கள், கூட்டினா 180. எக்ஸும் 3எக்ஸும் சேர்ந்தா 4எக்ஸ். 4எக்ஸ் − 20 = 180. அப்ப 4எக்ஸ் = 200. எக்ஸ் = 50. அந்தப் பக்கம் 130. "உன் 60ஐ அந்த 3எக்ஸ் − 20ல போட்டுப் பாரு, 160 வரும். நீ அளந்ததோ 120. பொருந்தலையே. புத்தகத்துல இருக்கறது சும்மா மாதிரிப் படம் கண்ணு, அதை அளக்கக் கூடாது."

"அளக்கக் கூடாதுன்னா எதுக்குப் படம் போட்டாங்க?"

பதில் இல்லை. அவளே நோட்டை மூடிட்டு, "எனக்கு கணக்கு வராது மாமா, விடுங்க"ன்னு எழுந்து போயிட்டா.

அந்தக் கடைசி வரிதான் மக்களே, என்னை என்னமோ பண்ணிடுச்சு. ஏன்னா அதே வரியை நானும் சொல்லியிருக்கேன். எட்டாவது படிக்கும்போது "சார், ஏன் 180? 200ன்னு வச்சா ஆகாதா?"ன்னு கேட்டேன். பதிலா மிச்ச பீரியட் பூரா பெஞ்சு மேல நின்னேன். வகுப்பே சிரிச்சுது. அதுக்கப்புறம் கணக்குல எதையும் கேட்கறதில்லைன்னு முடிவு பண்ணி, மனப்பாடம் பண்ணியே பத்தாவது தாண்டி, பதினொண்ணாவதுல கணக்கு இல்லாத குரூப்பா பாத்து ஓடிட்டேன். இப்ப இவளும் அதே வாசல்ல நிக்கறா.

அதனால ரெண்டு மூணு வாரமா கையில கிடைச்சதை எல்லாம் உருட்டிப் படிச்சேன். கடைசியில தெரிஞ்சது, அவ கேட்டதும் நான் கேட்டதும் முட்டாள்தனமான கேள்வியே இல்லை. கோணமும் எக்ஸும் ரெண்டு தனித்தனி ஊர்ல பொறந்து வளர்ந்த பசங்க. ரெண்டு பேரையும் ஒரே வரியில நிக்க வைக்க மனுஷனுக்கு ரொம்ப ரொம்ப நாளாயிருக்கு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கோங்க :)

180 இல்லாத யூக்ளிட்

கி.மு. 300 வாக்குல அலெக்சாந்திரியாவுல யூக்ளிட் எழுதின 'மூலங்கள்' (நம்ம பள்ளிக்கூட ஜியாமெட்ரிக்கெல்லாம் தாத்தா) முதல் புத்தகத்துல பதிமூணாவது தேற்றம் இதுதான்: ஒரு நேர்கோட்டு மேல இன்னொரு நேர்கோடு நின்னா, ரெண்டு பக்கமும் உண்டாகிற கோணங்கள் ஒண்ணா ரெண்டு செங்கோணமா இருக்கும், இல்லாட்டி ரெண்டையும் கூட்டினா ரெண்டு செங்கோணத்துக்குச் சமமா இருக்கும்.

கவனிச்சீங்களா, 180 எங்கயும் இல்லை. மூலங்கள் பதிமூணு புத்தகத்தையும் புரட்டினாலும் ஒரு பாகை கூடக் கிடைக்காது. யூக்ளிடுக்குக் கோணம்ங்கறது ஒரு எண் இல்லை, ஒரு உருவம். அதை இன்னொரு கோணத்தோட ஒப்பிடலாம், சேர்க்கலாம், கழிக்கலாம், இருமடங்காக்கலாம். ஆனா "இது எத்தனை?"ன்னு அவர் கேட்கவே மாட்டார்.

அந்தத் தேற்றத்துக்கு அவர் சொல்ற காரணமும் ரொம்ப எளிசு. சாய்ஞ்ச கோடு கிளம்பற புள்ளியில நேரா ஒரு செங்குத்துக் கோடு போடுங்க. இப்ப ரெண்டு பக்கமும் செங்கோணம். சாய்ஞ்ச கோடு ஒரு பக்கத்துச் செங்கோணத்துலேருந்து எவ்வளவு திருடுச்சோ, அவ்வளவையும் இன்னொரு பக்கத்துக்குக் கொடுத்திருக்கு. மொத்தம் மாறாது. அண்ணன் தம்பி சொத்து மாதிரி :) எட்டாவதுல இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தா பெஞ்சு ஏறவேண்டிய வேலையே இருந்திருக்காது.

யூக்ளிட் கையில எக்ஸ் இல்லாம எவ்வளவு கஷ்டப்பட்டார்ங்கறதுக்கு ஒரு உதாரணம். நாலாவது புத்தகம், பத்தாவது தேற்றம். ரெண்டு பக்கம் சமமான ஒரு முக்கோணம் வேணும். அடியில இருக்கற ரெண்டு கோணமும் உச்சிக் கோணத்தைப் போல ரெண்டு மடங்கு இருக்கணும். நம்ம வீட்டுப் பாப்பாவே இதை மூணு வரியில போட்டுடுவா: எக்ஸ் + 2எக்ஸ் + 2எக்ஸ் = 180, 5எக்ஸ் = 180, எக்ஸ் = 36. முடிஞ்சுது. யூக்ளிட் என்ன பண்றார்னா, முதல்ல ஒரு கோட்டை ஒரு தனி விகிதத்துல வெட்டறார் (பிற்காலத்துல தங்க விகிதம்னு பேர் வாங்கினதுதான்), வட்டம் போடறார், இன்னொரு வட்டம் போடறார், தொடுகோட்டுத் தேற்றத்தைக் கூப்பிடறார், அப்புறம்தான் முக்கோணம் வருது. அடுத்த தேற்றத்துல அதை வச்சே ஒழுங்கான ஐங்கோணம் போட்டுடறார்.

ஆனா அவசரப்பட்டு அவரைப் பார்த்து சிரிக்கக் கூடாது. நமக்கு 36ங்கற எண்தான் கிடைச்சுது. அளவு போடாத அடிக்கோலும் காம்பஸும் மட்டும் வச்சு அந்தக் கோணத்தை வரையறது எப்படின்னு நம்ம மூணு வரி ஒண்ணுமே சொல்லலை. யூக்ளிடுக்கு வரைய வேணும், நமக்கு எண் வேணும். ரெண்டும் வேற வேற ஆசை. இது ஞாபகத்துல இருக்கட்டும், பின்னாடி தேவைப்படும்.

சரி, 180 எங்கேருந்து வந்துச்சு?

பாபிலோன். அவங்க எண்ணினது அறுபது அறுபதா. வானத்துல சூரியன் போற பாதையை 12 ராசியா, ராசிக்கு 30 பங்கா, மொத்தம் 360 பங்கா பிரிச்சாங்க. கி.மு. ரெண்டாம் நூற்றாண்டு வாக்குல இந்த 360 கிரேக்க வானியல்காரங்க கைக்கு வந்துச்சு. முழு வட்டம் 360ன்னா அரை வட்டம் 180. அவ்வளவுதான் விஷயம். வடிவியலோட ரத்தத்துல இல்லை அது, வானத்தைப் பார்த்தவங்க வச்ச பேரு.

அப்ப 200ன்னு வச்சா ஆகாதான்னு நான் கேட்டேனே? ஆகும் சாமி! பிரெஞ்சுப் புரட்சி நேரத்துல, 1790கள்ல, மீட்டர் கிலோ எல்லாம் கொண்டாந்தப்ப கோணத்தையும் பத்து பத்தா மாத்தினாங்க. செங்கோணத்துக்கு 100 கிரேடு. மிகை நிரப்புக் கோணங்கள் ரெண்டையும் கூட்டினா சரியா 200! உங்க சயின்டிஃபிக் கால்குலேட்டர்ல டிகிரி, ரேடியன் பக்கத்துல மூணாவதா ஒண்ணு இருக்கும், யாரும் தொட மாட்டாங்க, அது இதுதான். இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. எத்தனை வருஷம் கழிச்சு பெஞ்சுலேருந்து இறங்கியிருக்கேன்!

அளக்க முடியாத கோணம்

பாப்பா கேட்ட முக்கியமான கேள்விக்கு வருவோம். அளந்துட்டா போதாதா?

யூக்ளிடுக்குக் கொஞ்சம் பின்னாடி, கி.மு. மூணாம் நூற்றாண்டுல, சாமோஸ் தீவுக்காரர் அரிஸ்டார்க்கஸ். சூரியன் நிலாவைவிட எத்தனை மடங்கு தூரத்துல இருக்குன்னு கண்டுபிடிக்க ஆசைப்பட்டார். நிலா சரியா பாதி தெரியற நேரத்துல பூமி, நிலா, சூரியன் மூணையும் சேர்த்தா ஒரு முக்கோணம். நிலா இருக்கற மூலையில செங்கோணம். பூமியில நிக்கற நம்ம மூலையில இருக்கற கோணம், நிலாவுக்கும் சூரியனுக்கும் நடுவுல. அது செங்கோணத்தைவிட அதுல முப்பதுல ஒரு பங்கு குறைவுன்னு எடுத்துக்கிட்டார். நம்ம கணக்குல 87 பாகை. (அவரும் பாகை பேசலை பாருங்க, பங்குதான்.)

மூணாவது மூலை சூரியன்ல இருக்கு. அங்க யார் போய் கோணமானி வைக்கறது? ஆனா முக்கோணத்தோட மூணு கோணமும் சேர்ந்தா ரெண்டு செங்கோணம்னு தெரியும். அதனால உட்கார்ந்த இடத்துலயே பதில்: 3 பாகை. அதை வச்சு சூரியன் நிலாவைப் போல 18லேருந்து 20 மடங்கு தூரம்னு சொன்னார். உண்மையில சுமார் 390 மடங்கு, ஏன்னா அந்த 87 தப்பு. நிஜமான கோணம் 89.85 பாகைக்குப் பக்கம். வழி அசல் தங்கம், அளந்ததுதான் சொதப்பல்.

இது போதும் எனக்கு. எந்த இடத்துக்குக் கை எட்டாதோ அந்த இடத்துக் கோணத்தைச் சொல்றதுக்குத்தான் "மொத்தத்துல தெரிஞ்சதைக் கழி" வந்துச்சு. ஆனா இதுலயும் இன்னும் எக்ஸ் வரலை. அது வேற ரோட்ல வந்துட்டிருக்கு.

தெரியாத ஒண்ணுக்குப் பேர் வைக்கறது

எகிப்து, கி.மு. 1550 வாக்கு. ஆமோஸ்னு ஒரு எழுத்தர் பாப்பிரஸ் சுருள்ல கணக்குகளைப் படியெடுத்தார். அதுல ஒண்ணு: ஒரு குவியல், அதோட ஏழுல ஒரு பங்கு, ரெண்டும் சேர்ந்தா 19. குவியல் எவ்வளவு? அவர் வழி ரொம்ப அழகு. சும்மா 7ன்னு வச்சுக்கோன்னு சொல்றார். 7ம் அதுல ஏழுல ஒண்ணும் சேர்ந்தா 8. ஆனா வேண்டியது 19. அப்ப 8 எத்தனை மடங்கானா 19 ஆகுமோ, 7ஐயும் அத்தனை மடங்காக்கு. பதில் பதினாறும் அரையும் அரைக்காலும். வேணும்னே ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்யைத் திருத்தி உண்மைக்கு வர்றது.

இதைக் கோணத்துக்கும் போடலாம். ஒரு கோணம், அதுல அஞ்சுல ஒரு பங்கு அதோட மிகை நிரப்பு. 5ன்னு வச்சா மொத்தம் 6. வேண்டியது 180, அதாவது முப்பது மடங்கு. அப்ப கோணம் 150, மிச்சம் 30. எக்ஸே இல்லாம வந்துடுச்சு. ஆனா பாப்பா கணக்குல ஒரு "− 20" இருக்கே, அங்க இந்த ஒத்தைப் பொய் வேலை செய்யாது. போட்டுப் பாருங்க.

இந்தியப் பக்கம் வந்தா, 628ல பிரம்மகுப்தர், 1150ல பாஸ்கரர். தெரியாததுக்கு யாவத்தாவத்னு பேரு, "எவ்வளவோ அவ்வளவு"ன்னு அர்த்தம். ரெண்டு மூணு தெரியாதது வந்தா நிறத்துப் பேர்: காளகம், நீலகம், பீதகம், லோகிதம். கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. எழுதும்போது முதல் எழுத்து மட்டும்: யா, கா, நீ, பீ, லோ. நம்ம சங்கத் தமிழ்ல "யா"ன்னா "எவை"ன்னு அர்த்தம். தற்செயல்தான், ஆனா எக்ஸைவிட இது எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க!

எலும்பு கட்டற வைத்தியம்

இப்பதான் நம்ம ஹீரோ வர்றார். பாக்தாத். கலீஃபா அல்-மாமூன் காலம் (ஆட்சி 813லேருந்து 833 வரை). அல்-குவாரிஸ்மி ஒரு புத்தகம் எழுதறார். தலைப்புல ரெண்டு வார்த்தை: அல்-ஜபர், அல்-முகாபலா. ஜபர்னா உடைஞ்சதைச் சேர்த்துக் கட்டறது. நம்ம ஊர்ல கை ஒடிஞ்சா புத்தூர் கட்டு போடப் போவோமே, அதே அர்த்தம். ஸ்பானிஷ் மொழியில எலும்பு கட்டற வைத்தியருக்கு ரொம்ப நாள் வரைக்கும் அல்ஜெப்ரிஸ்தான்னுதான் பேரு. 1615ல வந்த டான் கிஹோட்டே ரெண்டாம் பாகத்துல கூட அடிபட்டு விழுந்த ஒருத்தருக்கு அல்ஜெப்ரிஸ்தாதான் வைத்தியம் பாக்கறார்.

கணக்குல என்ன கட்டு? 4எக்ஸ் − 20 = 180ஐப் பாருங்க. 4எக்ஸ்ல 20 ஒடிஞ்சு விழுந்திருக்கு. ஒடிஞ்சதை ஒட்டணும்னா 20ஐச் சேர்க்கணும். அந்தப் பக்கமும் சேர்க்கணும். 4எக்ஸ் = 200. இதுதான் ஜபர். "அந்தப் பக்கம் போனா கழித்தல் கூட்டலாயிடும்"னு மந்திரம் மாதிரி ஒப்பிச்சோமே, அதுக்குள்ள ஒரு வைத்தியர் உட்கார்ந்திருக்கார்னு யாரும் சொல்லலை. முகாபலான்னா எதிரெதிரா நிறுத்தி ரெண்டு பக்கமும் இருக்கற ஒரே மாதிரியை அடிக்கறது.

அவர் தெரியாததுக்கு வச்ச பேர் "ஷை". பொருள், சாமான், "அது". புத்தகம் முழுக்க வார்த்தைதான், ஒரு குறி கிடையாது, எண்ணைக் கூட எழுத்தாலதான் எழுதியிருக்கார்.

அந்தப் புத்தகத்துல நிலம் அளக்கற பகுதி ஒண்ணு இருக்கு. அதுல ஒரு முக்கோணம், பக்கங்கள் 13, 14, 15. பரப்பு கண்டுபிடிக்கணும். 14ஐ அடியா வச்சுக்கறார். உச்சியிலிருந்து செங்குத்தா கோடு இறக்கினா அடி ரெண்டு துண்டாகும். எங்க வெட்டும்னு தெரியாது. அவர் சொல்றது: 13 பக்கம் இருக்கற துண்டு "பொருள்"னு வச்சுக்கோ. அப்ப அந்தப் பக்கம் இருக்கறது "பதினாலுலேருந்து பொருள் போனது".

இங்க கொஞ்சம் நில்லுங்க. எக்ஸ், 14 − எக்ஸ். பாப்பா நோட்டுல இருக்கற எக்ஸ், 180 − எக்ஸ்ஸோட அப்படியே ஜாடை! மொத்தம் தெரியும், வெட்டின இடம் தெரியாது. ஒரு துண்டுக்குப் பேர் வச்சா இன்னொரு துண்டுக்குத் தானா பேர் வந்துடும். ரெண்டு தெரியாதது ஒண்ணாயிடுச்சு.

மிச்சம் சுலபம். செங்குத்துக் கோடு ரெண்டு பக்கத்துக்கும் பொது. ஒரு பக்கம் பாத்தா அதோட வர்க்கம் 169லேருந்து பொருளோட வர்க்கம் போனது. இன்னொரு பக்கம் பாத்தா 225லேருந்து (14 − பொருள்) வர்க்கம் போனது, அதாவது 29 கூட்டல் 28 பொருள், அதுல பொருளோட வர்க்கம் போனது. ரெண்டு பக்கமும் போன வர்க்கம் ஒண்ணுதான், அடிபட்டுப் போகுது. 140 = 28 பொருள். பொருள் 5. அந்தப் பக்கம் 9. உயரம் 12. பரப்பு 84. ஒரு படத்துக்குள்ள தெரியாத ஒண்ணுக்குப் பேர் வச்சு, சமன்பாடாக்கி, பதிலை உருவி எடுத்துட்டார். ஆனா இதுவும் நீளம்தான், கோணம் இல்லை.

வக்கீல் போட்ட கணக்கு

1145ல ராபர்ட்னு ஒரு இங்கிலீஷ்காரர் ஸ்பெயின்ல செகோவியா ஊர்ல உட்கார்ந்து இந்தப் புத்தகத்தை லத்தீனுக்குக் கொண்டுபோனார். இத்தாலிக்காரங்க "பொருளை" கோசான்னாங்க. ஜெர்மன்காரங்க அதையே காஸ்ஸாக்கி, இயற்கணிதத்துக்கே அந்தப் பேரை வச்சுட்டாங்க. 1557ல ராபர்ட் ரெக்கார்டு சமக்குறியைக் கண்டுபிடிச்சார்: ஒரே நீளத்துல ரெண்டு இணைகோடு, அதைவிடச் சமமானது வேற எதுவும் இருக்க முடியாதுன்னு காரணமும் சொன்னார். மனுஷன் அடுத்த வருஷமே சிறையில செத்துப்போனார், பாவம்.

1591ல ஃபிரான்சுவா வியெத். தொழில் வக்கீல், அப்புறம் அரசாங்க ஆலோசகர், எதிரிகளோட ரகசியக் கடிதங்களை உடைக்கறதுல கில்லாடி. தெரியாததுக்கு உயிரெழுத்து, தெரிஞ்சதுக்கு மெய்யெழுத்துன்னு ஏற்பாடு பண்ணார். கோணமும் இயற்கணிதமும் நிஜமாவே கைகுலுக்கினதுக்கு இவர் கதைதான் எனக்குப் பிடிச்சது. 1593ல அத்ரியான் வான் ரூமன் உலகத்துக் கணிதக்காரங்களுக்கெல்லாம் ஒரு சவால் விட்டார்: 45ஆவது படியில ஒரு சமன்பாடு. (நமக்கு ரெண்டாவது படிக்கே நாக்கு தள்ளுது.) நெதர்லாந்து தூதர் பிரெஞ்சு ராஜா நாலாம் ஹென்றிகிட்ட, "உங்க நாட்ல இதைப் போட ஆளே இல்லை"ன்னு சொல்ல, ராஜா வியெத்தைக் கூப்பிட்டு விட்டார்னு கதை சொல்றாங்க. பார்த்த கொஞ்ச நேரத்துலயே ஒரு பதில். மறுநாள் இன்னும் 22 பதில். எப்படி? அந்தப் பூதாகாரமான சமன்பாடு உண்மையில ஒரு கோணத்தை 45 சம பங்காப் பிரிக்கற கணக்குன்னு அவர் கண்டுபிடிச்சுட்டார். சமன்பாட்டு வேஷத்துல வந்த கோணம்.

1637ல டெகார்த் அகரவரிசையோட கடைசி எழுத்துகளைத் தெரியாததுக்கும் முதல் எழுத்துகளைத் தெரிஞ்சதுக்கும் வச்சார். அங்கேருந்துதான் நம்ம எக்ஸ். (அரபு "ஷை"தான் எக்ஸாச்சுன்னு ஒரு கதை சுத்திட்டிருக்கு. கேட்க நல்லாதான் இருக்கு, ஆதாரம் கிடையாது.)

யூக்ளிட் விஷயத்துல ஒண்ணு ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே? வரையறது வேற, எண் கண்டுபிடிக்கறது வேற. 60 பாகையை மூணு சம பங்காக்கினா 20. எக்ஸுக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனா அடிக்கோலும் காம்பஸும் வச்சு அந்த 20ஐ வரைய ரெண்டாயிரம் வருஷம் முட்டி மோதினாங்க. 1837ல வான்ட்சல்னு 23 வயசுப் பையன், அது முடியவே முடியாதுன்னு நிரூபிச்சான். எதை வச்சு? இயற்கணிதத்தை வச்சு.

பரங்கிமலையிலேருந்து ஒரு பதில்

"அளந்துட்டா போதாதா?"ங்கற கேள்விக்கு கடைசிப் பதில் நம்ம ஊர்லயே கிடைச்சுது. 1802ல வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் அடிக்கோடு ஒண்ணைச் சங்கிலியால அளந்து நில அளவையைத் தொடங்கினார். அதுக்கப்புறம் முக்கோணம் மேல முக்கோணம். கோணம் அளக்க அரை டன் எடையில ஒரு தியோடலைட். 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில் மேல ஏத்தும்போது கயிறு அறுந்து அது சுவத்துல மோதி வளைஞ்சுபோச்சு. வேற ஆளா இருந்தா மூட்டை கட்டியிருப்பார். லாம்ப்டன் பல வாரம் உட்கார்ந்து தன் கையாலயே அதை நிமிர்த்தினார். (இதுவும் ஒரு ஜபர்தான்!)

முக்கோணத்துல ரெண்டு கோணம் அளந்தா மூணாவது கழித்தல்ல வந்துடும், தெரியும். இருந்தாலும் நில அளவைக்காரங்க முடிஞ்ச இடத்துல மூணையும் அளப்பாங்க. ஏன்? கூட்டிப் பார்க்க. எவ்வளவு பெரிய கருவியானாலும் கொஞ்சம் பிசகும். கூட்டுத்தொகை எவ்வளவு தள்ளி வருதோ, அளந்ததுல அவ்வளவு பிசகு இருக்குன்னு புரியும்.

இதுல ஒரு சுவாரசியம். பூமி உருண்டைங்கறதால பெரிய முக்கோணத்தோட கோணங்கள் 180ஐவிட ஒரு துளி கூடுதலா வரணும். சுமார் 197 சதுர கிலோமீட்டருக்கு, ஒரு பாகையில 3600ல ஒரு பங்கு. அதையும் கணக்குல எடுத்தாங்க. ஆனா ஒரு கோட்டு மேல நிக்கற ரெண்டு கோணம் மட்டும் உருண்டை மேலயும் மாறாது, ரெண்டு செங்கோணம்தான். யூக்ளிடோட பதிமூணாவது தேற்றம் அவ்வளவு கெட்டி.

திரும்ப அக்கா வீடு

போன ஞாயித்துக்கிழமை மறுபடி போனேன். கணக்கு சொல்லித்தரேன்னு சொல்லலை, கதை சொல்றேன்னு சொன்னேன். சூரியன்ல கோணமானி வைக்க முடியாததும், எலும்பு வைத்தியரும், தஞ்சாவூர் கயிறும் அவளுக்குப் பிடிச்சுது. நிறத்துப் பேர்தான் எல்லாத்தையும்விடப் பிடிச்சுது. ரஃப் நோட்டுல "3யா − 20"ன்னு எழுதி, யாவுக்கு மட்டும் பச்சைக் கலர் அடிச்சா. பரீட்சையில எக்ஸ்தான் எழுதணும் கண்ணுன்னு கெஞ்சி வச்சிருக்கேன்.

அப்புறம் அவளே பேப்பர்ல ஒரு கோடு, அதுமேல ஒரு சாய்வுக் கோடு போட்டு அளந்தா. ஒரு பக்கம் 85. இன்னொரு பக்கம் 96. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டிருந்தா.

"மாமா, 181 வருது. ரெண்டுல ஒண்ணு தப்பு."

"எது தப்பு?"

"தெரியலை. ஆனா ஏதோ தப்புன்னு மட்டும் நல்லாத் தெரியுது. திரும்ப அளக்கணும்."

அவ கோணமானியை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கிட்டு, மறுபடி வச்சா. நான் வாயைத் திறக்கலை. "எனக்கு கணக்கு வராது"ன்னு அவளும் சொல்லலை, நானும் சொல்லலை.

பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே: பள்ளிக்கூடத்துல நீங்க கேட்டு, அப்புறம் கேட்கறதையே நிறுத்தின கேள்வி எது?